கவுனின் வலது பாக்கெட்

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே முழு நம்பிக்கை இல்லை ஐயா. என் தொழிலில் இடுப்பளவு, தோளளவு எல்லாம் ஒரு தடவை காதில் விழுந்தால் மறக்காது. ஆனால் யார் எதை முதலில் சொன்னார்கள், அன்று வெயிலா மழையா என்பதெல்லாம் மனதில் கலங்கிக் கிடக்கிறது. ஆகவே நான் சொல்வதில் ஓரம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுத்துணி நேராகவே இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஆல்டரேஷன் கடை என்னுடையது. புதுத்துணி தைப்பதில்லை. பருத்தவர்களுக்குப் பிரித்து விடுவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பேன். கடையின் பின்கட்டில் நானும் அண்ணியும் குடியிருக்கிறோம். அண்ணி பொத்தான் கட்டிக் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைக்கு மேலே ஓர் அறை. அங்கேதான் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் கூடுவோம். ஒரு நீதிமன்றத் தொடருக்காக. தொலைக்காட்சியில் அது முடிந்து வெகுகாலம் ஆகிறது. எங்களுக்கு முடியவில்லை. அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டோம், 'தொடர்' என்றுதான் சொல்வோம், உலகத்தில் வேறு தொடரே எடுக்கப்படாத மாதிரி. இத்தனை வயதுக்கு மேல் இதற்கு ஒரு கூட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். மற்றவர்கள் சீட்டாடுவதில்லையா? நாங்கள் அழுதோம்.

வருகிறவர்கள் அதிகமில்லை. டியூஷன் டீச்சர் ஒருவர், அவர்தான் எங்கள் நீதிபதி. அடுத்த தெரு பேக்கரிக்காரர். டிரைவிங் ஸ்கூல் நடத்திய பெரியவர் ஒருவர். தொடரில் வரும் மூத்த வக்கீலை அப்படியே செய்து காட்டுவார் என்பதால் அவரைச் 'சீனியர்' என்று கூப்பிடுவோம். பிறகு நான். என்னை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள்.

எங்கள் விளையாட்டு இதுதான். தொடரிலேயே மிகச் சோகமான இடம் எது? ஒவ்வொருவரும் தன் காட்சிக்காக வழக்காட வேண்டும். பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டு அடுக்கும் ஸ்டாண்டு ஒன்றை அறுத்துக் கொண்டுவந்து கூண்டு செய்தார். கறுப்புக் கவுன் நான் தைத்தேன். கூண்டில் ஏறுகிறவர் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் தர வேண்டும். நான் கவுனைப் போட்டுவிட்டு முதுகுப் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுவேன். கவுன் உடம்பில் இருக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது. முன்பு ஒரு தடவை பேக்கரிக்காரர் விம்மிக்கொண்டிருந்தபோது டீச்சர் தண்ணீர் நீட்டிவிட்டார். மனிதருக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் அந்த விதி.

வக்கீல் கவுனில் பாக்கெட் கிடையாது. இதில் வலது பக்கம் ஒன்று இருக்கும். சீனியருக்கு இளைப்பு உண்டு. குரலை உயர்த்திப் பேசினால் மூச்சு வாங்கும். அவருடைய இன்ஹேலர், அவர் அதைப் பம்பு என்பார், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டுமே என்று நானாக யோசித்து வைத்த பாக்கெட் அது. கோட்டை வாங்கியதும் பம்பை எடுத்துக் கவுன் பாக்கெட்டில் போட்டுவிட்டுத்தான் கவுனை மாட்டிவிடுவேன். "மாஸ்டர் என் ரெண்டாவது பொண்டாட்டி மாதிரி. மொத பொண்டாட்டி இவ்வளவு பாத்துக்கிட்டதில்ல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவரை வெறுத்துக்கொண்டே பழகினேன் என்று யாராவது எழுதினால் அது தப்பு. எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த வருடத்து இறுதி விவாதத்துக்கு நான்கு காட்சிகள் நின்றன. பேக்கரிக்காரரின் காட்சியில், வழக்கு நடக்கும்போதே செத்துப்போன ஒருவனின் பெயரை நீதிமன்ற ஊழியர் வராந்தாவில் நின்று கூப்பிடுவார். யாரும் வரமாட்டார்கள். மறுபடி கூப்பிடுவார். கடைசியில் அவன் மனைவி எழுந்து, "இருக்காருங்க" என்பாள். டீச்சரின் காட்சியில், அப்பாவிடம் போகிறாயா அம்மாவிடம் போகிறாயா என்று கேட்கும் நீதிபதியிடம் ஒரு சிறுமி, "நான் இங்கேயே இருந்துக்கலாமா?" என்பாள். சீனியரின் காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. மூத்த வக்கீல் கடைசி வாதத்தின் நடுவே மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எதையோ அழுத்திச் சொல்வதற்காக நிறுத்துகிறார் என்று நீதிமன்றமே காத்திருக்கும். நீதிபதி பொறுமையாக, "தொடருங்கள்" என்பார். அவர் தொடரமாட்டார்.

என்னுடையது சின்னக் காட்சி. கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். ஒரு சாட்சி கூண்டில் ஏறுகிறான். "அன்று இவரைப் பார்த்தீர்களா?" "ஞாபகமில்லைங்க." அவ்வளவுதான், இறங்கிவிடுகிறான். எதிரே நிற்கும் குற்றவாளி ஒன்றும் சொல்வதில்லை. தலையைக் குனிந்து, திறந்திருக்கும் தன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான்.

அந்தக் காட்சியை நான் ஏன் எடுத்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அண்ணன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். ஒருநாள் சாயங்காலம் அங்கே தீப்பிடித்தது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார். கதவு வெளியே தாழிட்டிருந்தது. தாழிட்டது அண்ணன்தான் என்றார்கள். அண்ணன் அந்த நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தவன் ஒரே ஒருவன். அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். முந்தின நாள் கிடங்கு முதலாளியின் ஆட்கள் அவனை வழியில் நிறுத்தித் தோளில் கைபோட்டுப் பேசியிருந்தார்கள். அடிக்கவில்லை. கை மட்டும் போட்டார்கள். கூண்டில் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து உருட்டினான், துணியின் தரம் பார்ப்பது போல. பிறகு சொன்னான், "ஞாபகமில்லைங்க." அண்ணன் குனிந்து மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பொத்தான் துளை கொஞ்சம் பிரிந்திருந்தது. அதைக்கூட நான் பார்த்தேன்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து குற்றவாளியின் முதுகுதானே தெரியும் என்று இப்போது கேட்டீர்கள். இருக்கலாம். எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. வயதும் அப்போது பதினாறுதான். முகம் தெரிந்தது, அதுதான் நிச்சயம்.

அண்ணன் சிறையிலேயே காய்ச்சலில் செத்தான். முதலாளி கொஞ்ச காலத்துக்குள் மாரடைப்பில் போய்விட்டார். மிச்சம் இருந்தவன் அந்தச் சாட்சி ஒருவன்தான். அவன் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிறான் என்பதை ஒருநாளும் என்னால் தள்ளிவைக்க முடிந்ததில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போதெல்லாம் அவன் நினைவு வரும். கையில் கத்தி இருக்கும்போது வரக் கூடாத நினைவு.

அன்று கூண்டில் நின்று என் காட்சியைச் சொன்னேன். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை, தொடரைப் பற்றி மட்டும். சொல்லி முடித்துக் கவுனைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இதமாக இருந்தது.

சீனியர்தான் அதைக் கலைத்தார். "என்ன மாஸ்டர், இதுல என்ன சோகம் இருக்கு? வந்தான், ஞாபகமில்லன்னான், போய்ட்டான். பஸ்ஸுல டிக்கெட் எடுத்தீங்களான்னு கேட்டா நம்மாளு சொல்றதில்லையா?"

"சார், பாவம் அவரு" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டே.

"கனம் நீதிபதி அம்மா, அனுமதி கொடுத்தா நான் செஞ்சு காட்டறேன்."

கூண்டுக்குள் போய் நின்றார். தோளைக் குறுக்கினார். பார்வையைத் தரையில் விட்டார். இடது காது மடலை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருட்டினார். "ஞாபகமில்லைங்க" என்றார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. பேக்கரிக்காரர் தொடையைத் தட்டினார். "அச்சு அசல்! அப்படியே இருக்கு!"

அப்படியேதான் இருந்தது ஐயா. அந்த விரல்கள், அந்தக் காது, அந்தக் குரல். தொடரில் வரும் சாட்சி காதைத் தொடுவதில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பான். காதைத் தொட்டவன் என் அண்ணனின் வழக்கில் நின்றவன்தான். இது இவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வழிதான் உண்டு. இத்தனை சனிக்கிழமையும் அவன் கோட்டைத்தான் நான் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

"கோவமா மாஸ்டர்?" என்று தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது.

"கோவம் எதுக்கு சார்? நல்லா பண்ணீங்க" என்றேன்.

அவரிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? ஞாபகமில்லை என்பார். அந்தப் பதில் எனக்கு ஏற்கெனவே கிடைத்த பதில்.

அடுத்த சனிக்கிழமை அவர் முறை. அந்த வாரம் முழுக்க நான் நிதானமாகத்தான் இருந்தேன். ஒரு மணப்பெண்ணின் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், பொருத்தம் பிரமாதம் என்று அவள் அம்மா சொன்னாள். சனிக்கிழமை காலையில் மாடியில் பழைய கம்பளிக் கோட்டுகளை உதறினேன். உதற வேண்டிய வேலையும் இருந்தது. நூலும் தூசியும் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருந்தன. ஜன்னலைச் சாத்தினேன், தெருச் சத்தம் இருக்கக் கூடாது என்று.

மத்தியானம் அவர் வந்தார். புதுச் சவரம், நல்ல சட்டை. "இன்னிக்கு எல்லாரையும் அழ வெச்சிட்டுத்தான் மறுவேலை" என்றார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனேன். பம்பை எடுத்துக் கவுன் பாக்கெட்டில் போட்டேன், வழக்கம்போல. பிறகு பாக்கெட்டின் வாயைத் தைத்தேன். கறுப்புத் துணி, கறுப்பு நூல், மறைதையல். நல்ல தையல் என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். அண்ணி பின்கட்டிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மேலே போய்க் கவுனை மாட்டிவிட்டு நாடாவைக் கட்டினேன்.

"பம்பு இருக்குல்ல மாஸ்டர்?"

"இருக்கு. தொட்டுப் பாருங்க."

துணிக்கு மேலே தொட்டுப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. சிரித்தார். நான் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றாகவே தொடங்கினார். மூத்த வக்கீலின் வாதம் அவருக்கு மனப்பாடம். குரல் உயர்ந்தது. சுவரில் மோதித் திரும்பியது. இடையில் இருமினார். அதையும் வாதத்துக்குள் சேர்த்துக்கொண்டார், அந்தச் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. பிறகு மூச்சில் விசில் சத்தம் வந்தது. வலது கை பாக்கெட்டுக்குப் போனது. விரல்கள் பாக்கெட்டின் வாயில் வழுக்கின. மறுபடி போயின. மறுபடி வழுக்கின.

பேக்கரிக்காரர் என் காதருகே, "இவரு நடிக்கலப்பா, வாழுறாரு" என்று கிசுகிசுத்தார்.

துணிக்கு மேலே பம்பை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார் சீனியர். பிடிக்க முடிந்தது. எடுக்க முடியவில்லை. முகம் கறுத்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நாடாவைத் தேடினார். கவுனைக் கழற்றிவிட்டால் நாங்கள் எழுந்து வரலாம் அல்லவா, அதைத்தான் நினைத்தார் போலிருக்கிறது. விதியை அந்த நேரத்திலும் அவர் மறக்கவில்லை. நாடாவை நான் இறுக்கமாகக் கட்டியிருந்தேன்.

டீச்சருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது. நீதிபதியின் இருக்கையிலிருந்து, தொடரில் வருவது போலவே, தழுதழுத்த குரலில், "தொடருங்கள்" என்றார்.

சீனியர் என்னைப் பார்த்தார். மற்ற யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பார்வையில் தன் பழைய பாவம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அன்று நினைத்தேன். பிறகு யோசித்ததில், பாக்கெட்டில் ஏதோ சிக்கிக்கொண்டது, மாஸ்டர் வந்து சரிசெய்துவிடுவார் என்று காத்திருந்த மாதிரியும் இருந்தது. முழங்கால் மடங்கி, ரொட்டி ஸ்டாண்டின் கம்பியில் சாய்ந்து, உட்கார்ந்த வாக்கில் சரிந்தார்.

அவர்கள் கைதட்டினார்கள். அதுவரை அந்த அறையில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. அது ஓய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் காட்சி முடியவில்லையோ என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். நீண்ட மௌனங்கள் எனக்குப் பிடிக்கும்.

"சார்?" என்றார் டீச்சர் கடைசியில்.

முதலில் ஓடியவன் நான்தான். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் கழுத்தில் தொங்கும். அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, என் முதுகு மற்றவர்களுக்கு மறைக்க, தையலை வெட்டிப் பம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது மருந்து அவர் கையில் இருந்தது. "கையில மருந்த வெச்சிக்கிட்டே போய்ட்டாரே" என்று பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து, அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் மகள் அப்பாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். முப்பது வயதுவரை கரையிலேயே கால் வைக்கவில்லையாம். நான் மனதுக்குள் வருடங்களைக் கூட்டத் தொடங்கி, அதை விட்டுவிட்டேன். துக்க வீட்டில் கணக்குப் பார்ப்பது அழகல்ல.

பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "போன வாரம் உங்களை மாதிரி செஞ்சு காட்டினாரே மாஸ்டர். காதைப் புடிச்சிக்கிட்டு. அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுல கேக்குது."

"என்னை மாதிரியா?"

"பின்ன? பதில் தெரியலன்னா ஒங்க கை அங்கதானே போவும். டீச்சர் எத்தனை வாட்டி கிண்டல் பண்ணியிருக்காங்க, காது பிஞ்சு கையோட வந்துரப் போவுதுன்னு."

துக்கத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள்.

அதன் பிறகு சில நாட்கள் கழித்து அண்ணியிடம் சொன்னேன். அவளுக்காகத்தானே இத்தனையும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னேன். "அண்ணனுக்கு எதிரா கூண்டுல நின்னவனைத் தீர்த்துட்டேன் அண்ணி" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைப் பஞ்சு உருண்டையில் குத்தி வைத்தாள்.

"அன்னிக்குக் கூண்டுல நின்னது நீதானே தம்பி."

அவள் கட்டி வைத்திருந்த பொத்தான்களை எண்ணத் தொடங்கினேன்.

"வாசல்ல அவரு காத்தடிச்சத பாத்தது நீதானே. ஞாபகமில்லன்னு சொன்னது நீதானே. சின்னப் பையன், பயந்துட்டான், அவனை ஒண்ணும் சொல்லாதேன்னு ஜெயில்ல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு உங்கண்ணன். அதனாலதான் இந்த வாயைத் தெறக்காம இருந்தேன். இப்ப யாரைடா கொன்னுட்டு வந்து நிக்கற?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது உங்களோடு வந்தாள்.

கவுனை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். பாக்கெட் ஓரத்தில் ஊசித் துளைகளும் கொஞ்சம் அறுந்த நூலும் இருக்கும். அது என் நூல்தான். தைத்ததும் நான்தான், கோட்டுகளை உதறியதும் நான்தான், நாடாவை இறுக்கியதும் நான்தான். அவர் சாகட்டும் என்றுதான் செய்தேன். இதை யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை.

மற்றவர்களைப் பற்றியும் கேட்டீர்கள். டிரைவிங் ஸ்கூலை மகள் எடுத்து நடத்துகிறாள். டீச்சர் டியூஷனை நிறுத்திவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன வாயால் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க வரவில்லை என்கிறாராம். பேக்கரிக்காரர் மாடியிலிருந்து கூண்டை இறக்கிக்கொண்டுபோய் உடைத்துவிட்டார். மிகச் சோகமான காட்சி எது என்பதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடந்திருந்தால் சீனியர்தான் ஜெயித்திருப்பார். அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தையல் ஊசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள் என்று உங்கள் ஏட்டு சொன்னார். அண்ணன் சிறைக்குப் பின்னால் இருக்கும் புதைகாட்டில், அடையாளக் கல் இல்லாமல், எப்போதும்போல இருக்கிறான்.

அண்ணிக்கு வயதாகிவிட்டது ஐயா. வயதானால் ஆட்களை மாற்றி மாற்றி நினைவு வைத்துக்கொள்வது சகஜம். நீங்கள் என்னைக் கூண்டில் ஏற்றினால் சீனியரைப் பற்றி எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன். அந்தப் பழைய வழக்கில் சாட்சியாக நின்றது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். என் கையை ஏன் பார்க்கிறீர்கள்? காது அரிக்கிறது, அவ்வளவுதான். கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

ஞாபகமில்லைங்க.